பாக்கி கேட்டுக் கடிதம்: வாட்ஸ்ஆப்பா, மெயிலா, கையில் கொடுப்பதா, தபாலா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில், கணினியில் கடிதம் அடித்துத் தரும் டிடிபி கடை நடத்துகிறேன். பண்ருட்டி முந்திரிக்காரர், சிப்காட் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் சப்ளை செய்கிறவர், பாண்டி ஓட்டல்களுக்கு மீன் அனுப்புகிறவர் என்று பலரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "சரக்கு போய் நாலு மாசம் ஆச்சு, காசு வரலை. வாட்ஸ்ஆப்ல கேட்டுக்கிட்டே இருக்கேன். இனிமே மெயில் போடணுமா, லெட்டர் அனுப்பணுமா, இல்ல நேரா வக்கீல்கிட்டயே போயிடலாமா?"

ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. தொகை எவ்வளவு, எதிரில் இருப்பது தனி முதலாளியா கம்பெனியா, எத்தனை வருஷப் பழக்கம், எந்தத் தேதிக்குள் எது நடக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பாக்கிக் கடிதத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆர்டர் ரத்து, சரக்கில் குறை, விலை ஏற்றம், வாடகைக் கட்டடத்தைக் காலி செய்வது எதுவானாலும் கணக்கு இதேதான்.

## எதை வைத்துப் பார்ப்பது

அத்தாட்சி. கடிதம் போனது, இன்ன நாளில் போய்ச் சேர்ந்தது, உள்ளே இன்னதுதான் எழுதியிருந்தது. இந்த மூன்றையும் பின்னால் ஒரு மூன்றாம் மனிதர் முன் காட்ட முடியுமா? அந்த மூன்றாம் மனிதர் நீதிபதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. எதிர்த்தரப்பில் புதிதாக வந்த மேனேஜராக இருக்கலாம், அப்பாவுக்குப் பிறகு கல்லாவில் உட்கார்ந்த மகனாக இருக்கலாம்.

யார் கைக்குப் போகும். பணம் தர முடிவு செய்கிறவர் ஒருவர், பில்லைப் பாஸ் செய்கிறவர் இன்னொருவர், நம் போனை எடுக்கிறவர் வேறொருவர். தவறான ஆளிடம் எத்தனை முறை கேட்டாலும் வேலை நடக்காது.

கெடு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் தருவது மூன்று ஆண்டு. நாம் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மூன்று ஆண்டு தள்ளிக்கொண்டே போகும் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அப்படித் தள்ளாது. அந்தக் காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் "இவ்வளவு பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதே சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அந்தக் கையெழுத்து நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். அதனால் நம் கடிதம் பணம் கேட்பதோடு நிற்காமல், முடிந்தால் அவர் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருகிறவர்களுக்கும் இன்னொரு கெடு இருக்கிறது. 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரம் மட்டும் செய்கிறவர் இதை நம்பிக் கடிதம் எழுதுவதற்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவு. தபால் காசு, பேப்பர் காசு மட்டுமல்ல. அலைச்சல், பின்னால் நிரூபிக்க ஆகும் செலவு, இரண்டும் சேர்ந்தது.

உறவு. கடலூருக்கும் பாண்டிக்கும் இடையே கூப்பிடு தூரம். இன்று சண்டை போட்டவரைத்தான் நாளைக்கு ஒரு கல்யாணத்தில் பக்கத்து இலையில் பார்ப்போம். கடிதம் உறுதியாக இருக்கலாம், மரியாதை குறையக் கூடாது.

## வாட்ஸ்ஆப்

வேகத்தில் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை. லாரி கிளம்பிவிட்டது, நாளைக்கு ஆள் வருவார், பில்லில் ஜி.எஸ்.டி. எண் சரியா பாருங்கள் என்பதற்கெல்லாம் வாட்ஸ்ஆப்பே போதும். பழகிய ஆளிடம் முதல் முறை பாக்கியை ஞாபகப்படுத்தவும் இதுதான் நல்லது. "அண்ணே, ஜூலை பில் 118 இன்னும் வரலை. இந்த வாரம் போட்டு விடுறீங்களா?" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம், எல்லோர் போனிலிருந்தும் அழிக்கலாம், தானாக மறையும்படியும் வைக்கலாம். நீல டிக் வராமல் செய்துவைத்திருக்கும் ஆளிடம் அது வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போன் தொலைந்தால், பேக்கப் எடுக்காமல் மாற்றினால், மூன்று வருஷப் பேச்சும் போய்விடும். பெரும்பாலும் அந்த எண் கடையில் வேலை பார்க்கும் பையனுடையதாக இருக்கும். அவர் வேலையை விட்டால் பேச்சும் அவரோடு போய்விடும்.

வாட்ஸ்ஆப் செய்தி சாட்சியமே ஆகாது என்று சிலர் சொல்வது தவறு. மின்னணுப் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். தாக்கல் செய்கிறவரும் ஒரு நிபுணரும் அதில் கையெழுத்திட வேண்டும், பதிவின் ஹாஷ் மதிப்பையும் (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் கணினிக் குறியீடு) குறிக்க வேண்டும். அனுப்பும்போது இலவசம், காட்டும்போது செலவு.

வாய்ஸ் நோட்டில் பாக்கி கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த நோட்டில் எந்தத் தொகை சொன்னோம் என்று தேடி எடுப்பதற்குள் பொழுது போய்விடும்.

## மின்னஞ்சல்

எதிரில் இருப்பது கம்பெனி, அதற்கென்று தனி அக்கவுண்ட்ஸ் பிரிவு உண்டு என்றால் இதுதான் முதல் வழி. பாண்டியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் இருக்கும் பல யூனிட்டுகளுக்குப் பணம் போடும் முடிவு சென்னையிலோ மும்பையிலோ நடக்கும். அங்கே இருப்பவருக்கு நம் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. பில் எண்ணும் பர்ச்சேஸ் ஆர்டர் எண்ணும்தான் தெரியும். மெயிலில் அவை சரியாக இருந்தால், அவர் அப்படியே அடுத்த மேசைக்குத் தள்ளிவிட முடியும். தலைப்பு வரியில் "பாக்கி சம்பந்தமாக" என்று போடாமல் "பில் 118, ரூ. 86,400, 20 நவம்பருக்குள்" என்று போடுங்கள். நூறு மெயில் நடுவிலும் கண்ணில் படும்.

மெயில் என்றால் மெயில் பெட்டிக்குள் நாலு வரி அடித்து அனுப்புவதல்ல. லெட்டர்பேடில் அடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக இணையுங்கள். வேர்டு ஃபைலாக அனுப்பினால் திருத்த முடியும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடில் அடித்து பி.டி.எஃப். ஆக்கினால் இரண்டு தொல்லையும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், மெயில் எந்த முகவரியிலிருந்து போகிறது என்பதில். பல கடைகளில் மெயில் ஐ.டி.யை எப்போதோ ஒரு பையன் தன் போனில் தொடங்கியிருப்பார், பாஸ்வேர்டு அவரிடமே இருக்கும். பதில் வந்தால் யார் பார்ப்பது? கடிதம் அனுப்புவதற்கு முன் அதைச் சரி செய்துகொள்ளுங்கள். அப்புறம், ஸ்பேமில் விழுந்த மெயிலைப் பற்றி நமக்குத் தகவல் வராது. "கிடைத்தது என்று ஒரு வரி பதில் போடுங்கள்" என்று மெயிலிலேயே கேட்க வேண்டும். அந்த ஒரு வரி பதில் பொன் மாதிரி. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மெயிலை அழித்துவிடாதீர்கள், அசல் மெயிலே இருக்கட்டும்.

## கையில் கொடுத்து ரிசீவ்டு காப்பி வாங்குவது

நம் பகுதிக்கு இது நிஜமான வழி. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் பாண்டி. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து, பெயர், தேதி, சீல் வாங்கினால் அத்தாட்சி அன்றைக்கே கையில். அரசு அலுவலகம் என்றால் தபால் பிரிவில் கொடுத்து நம் பிரதியில் முத்திரை வாங்கலாம். பாக்கி உறுதிக் கடிதத்தில் எதிர்த்தரப்பின் கையெழுத்தை வாங்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. அதிலும் மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரம் தோதானது. "ஆடிட்டர் கேட்கிறார், 31 மார்ச் அன்று உங்கள் கணக்கில் எங்களுக்கு நிற்கும் பாக்கி இவ்வளவு என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் ஆடிட்டரும் அதையே கேட்பார்.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதில் கவனம் வேண்டும். வாசல் செக்யூரிட்டி போட்டால் கடிதம் உள்ளே போனதுக்குக் கொஞ்சம் உதவும், பாக்கியை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பொறுப்பில் உள்ளவர் கையெழுத்தும் நிறுவனத்தின் சீலும் வேண்டும்.

வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நம்மிடம் ஒரு துண்டு அத்தாட்சியும் இல்லாமல் திரும்ப வேண்டியதுதான். இன்னொன்று, நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்து, "லெட்டர் எதுக்கு சார், வெள்ளிக்கிழமை போட்டுடுறேன்" என்பார்கள். நாமும் முகத்தைப் பார்த்துக் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுவோம். வெள்ளிக்கிழமை போகும், பணம் வராது. கொடுக்கத்தான் போகிறோம் என்றால், உட்கார்ந்ததும் முதலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு டீ குடிக்க வேண்டும்.

## பதிவுடன் ஸ்பீடு போஸ்ட்

"ரிஜிஸ்டர் தபால் நின்னு போச்சாமே?" என்று இப்போதும் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டுப் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். பதிவு என்ற சேவை ஒழியவில்லை. ஸ்பீடு போஸ்ட்டுக்கு மேல் கேட்டு வாங்கும் கூடுதல் சேவையாக இருக்கிறது. கவுன்டரில் "ஸ்பீடு போஸ்ட்" என்று மட்டும் சொன்னால் பதிவு இல்லாமல் போய்விடும். "பதிவோடு" என்று சொல்லி, டெலிவரி அத்தாட்சியும் சேர்த்துக் கேளுங்கள். 2025 அக்டோபர் 1 முதல் அமலான கட்டணத்தில் 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், பதிவுக்குத் தனியாக 5 ரூபாய், எல்லாவற்றுக்கும் மேல் ஜி.எஸ்.டி. ஒரு ஏ4 தாள் 80 ஜி.எஸ்.எம். என்றால் எடை 5 கிராம். கடிதம், பில் நகல், சலான் நகல், கவர் எல்லாம் சேர்த்தாலும் 50 கிராமைத் தாண்டாது.

பதிவுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 1897ஆம் ஆண்டு பொது விதிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு காரணம். தபாலில் சார்வு செய்யலாம், அதாவது எதிர்த்தரப்புக்குச் சேர்ப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்லும் இடத்தில், சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் போட்டுவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாதவரை அது போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். எதிர்த்தரப்பு வாங்க மறுத்து "மறுக்கப்பட்டது" என்று கவர் திரும்பி வந்தாலும் கவலை வேண்டாம். அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே பத்திரப்படுத்துங்கள். கையில் கொடுக்கும்போது மறுப்பு நமக்கு நஷ்டம், பதிவுத் தபாலில் மறுப்பும் ஒரு சாட்சி.

எல்லாம் "சரியான முகவரி" என்ற சொல்லில் நிற்கிறது. நம் பகுதியில் இது சுலபமில்லை. கடலூர் என்று மட்டும் எழுதினால் போதாது. மஞ்சக்குப்பம் 607001, திருப்பாதிரிப்புலியூர் 607002, முதுநகர் 607003. 605 என்று தொடங்கினாலே புதுச்சேரி என்று எடுத்துக்கொள்ள முடியாது, விழுப்புரமும் 605602 தான். பாகூர் பக்கம் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் மாறி மாறி வரும். பாண்டி நகரத்துக்குள்ளோ ஒரே தெருவுக்குப் பழைய பெயர் ஒன்று, புதுப் பெயர் ஒன்று. ஆகவே விசிட்டிங் கார்டைப் பார்த்து எழுதாமல், அவர்கள் பில்லிலோ ஜி.எஸ்.டி. பதிவிலோ உள்ள முகவரியை எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதுங்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. எந்தப் பக்கம் என்ற சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

இதன் குறை இரண்டு. கவர் போனதுக்குத்தான் ரசீது சாட்சி, உள்ளே என்ன இருந்தது என்பதற்கு இல்லை. அதனால் அதே கடிதத்தை அன்றே மெயிலிலும் அனுப்பி, "இது இன்று இந்த எண்ணுள்ள ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பப்பட்டுள்ளது" என்று எழுதுங்கள். அடுத்தது உறவு. பழகியவருக்கு முதல் கடிதமே பதிவில் போனால், "கோர்ட்டுக்குப் போகப் போறானா?" என்று பயந்து போனை எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

## வக்கீல் நோட்டீஸ்

செக் திரும்பிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், உடனே வக்கீலைப் பாருங்கள். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு இந்த நாள் கணக்கில் கறாரானது. மற்றபடி மூன்று ஆண்டு முடியப் போகிறது, சரக்கே வரவில்லை என்று எதிர்த்தரப்பு சாதிக்கிறது என்றாலும் இதுதான் வழி. சாதாரணத் தாமதத்துக்கு இதை எடுத்தால் பணம் வரலாம், அடுத்த ஆர்டர் வராது.

## ஒரே பார்வையில்

| | வாட்ஸ்ஆப் | மின்னஞ்சல் | கையில் | பதிவு ஸ்பீடு போஸ்ட் |
|---|---|---|---|---|
| போய்ச் சேர்ந்த அத்தாட்சி | பலவீனம் | பதில் வந்தால் நல்லது | கையெழுத்து கிடைத்தால் மிக வலு | வலு, மறுத்தாலும் வலு |
| உள்ளே எழுதியதற்கு அத்தாட்சி | அழியலாம் | நல்லது | மிக நல்லது | தனியாகக் காட்ட வேண்டும் |
| சேரும் நேரம் | உடனே | உடனே | அன்றே | சில நாள் |
| கைக்காசு | இல்லை | இல்லை | பஸ் காசு, அரைநாள் | ஒரு கவருக்கு நூறுக்குள் |
| மறைந்த செலவு | போன் மாற்றம், சான்றிதழ் | ஸ்பேம், பாஸ்வேர்டு, சான்றிதழ் | வாய்ப்பேச்சில் கரைவது | தவறான முகவரி, உறவில் உரசல் |
| பொருத்தம் | முதல் நினைவூட்டல் | கம்பெனி, வெளியூர் தலைமையகம் | பாக்கி உறுதி, அரசு அலுவலகம் | இரண்டாம் கெடு, தகராறு |

## எந்த வழியானாலும் கடிதம் ஒன்றுதான்

நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கடிதம் சரியில்லையென்றால் பலன் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் கையால் எழுதிக்கொண்டு வரும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "பல முறை போனில் கேட்டும் தாங்கள் எங்களை மதிக்கவே இல்லை, கஷ்டப்பட்டு உழைக்கும் எங்களுக்கு இது நியாயமா..." அந்த வேதனை உண்மை. ஆனால் அதைப் படிக்கும் அக்கவுண்டன்டுக்கு எந்த பில், எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒன்றும் தெரியாது. அதே கடிதத்தை இப்படி மாற்றலாம்:

> 4 நவம்பர் 2025
>
> பெறுநர்:
> மேலாளர், கணக்குப் பிரிவு,
> (நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, பின்கோடு)
>
> பொருள்: பில் எண் 118 – ரூ. 86,400 பாக்கி – 20 நவம்பர் 2025க்குள் செலுத்தக் கோருதல்
>
> பார்வை: 1. தங்கள் ஆர்டர் எண் 42, நாள் 28 ஜூன் 2025
> 2. எங்கள் பில் எண் 118, நாள் 5 ஜூலை 2025, அதற்குரிய இ-வே பில்
>
> ஐயா,
>
> தங்கள் ஆர்டரின்படி 5 ஜூலை 2025 அன்று 108 கிலோ முந்திரிப் பருப்பு அனுப்பினோம். அன்றே தங்கள் கிடங்கில் இறக்கி, டெலிவரி சலானில் கையெழுத்தும் பெற்றுள்ளோம்.
>
> பேசியபடி 30 நாளில், அதாவது 4 ஆகஸ்ட் 2025க்குள், பணம் வந்திருக்க வேண்டும். இதுவரை வரவில்லை.
>
> ரூ. 86,400 (எண்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்) தொகையை 20 நவம்பர் 2025க்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். பில்லிலோ சரக்கிலோ ஆட்சேபம் இருந்தால் அதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.
>
> தங்கள் உண்மையுள்ள,
> (கையெழுத்து, பெயர், பொறுப்பு, சீல்)
>
> இணைப்பு: பில் 118 நகல், கையெழுத்திட்ட டெலிவரி சலான் நகல்

கடைசிப் பத்தியில் ஆட்சேபத்தை எழுத்தில் கேட்கும் வரியை நான் எந்தக் கடிதத்திலும் விடுவதில்லை. அவர்கள் பதில் போடாமல் இருந்துவிட்டுப் பின்னால் "சரக்கு மட்டம்" என்று சொன்னால், "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்க இந்த வரி வேண்டும். கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும் சரக்கு வேறு மாநிலக் கணக்கில் வருவதால், 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு வண்டியில் போவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணம்) இருக்கும். சரக்கு போனதற்கு அதுவும் ஒரு சாட்சி என்பதால் பார்வையில் எண்ணோடு சேர்த்துவிடுங்கள்.

லெட்டர்பேடில் அடிக்கும்போது "அனுப்புநர்" பகுதி தேவையில்லை, தலைப்பிலேயே எல்லாம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதும் மனுவுக்குத்தான் அது வேண்டும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். என்ற கம்பெனிப் பதிவு எண், தொலைபேசி, மெயில் முகவரி எல்லாம் கடிதத்தாளில் அச்சாகியிருக்க வேண்டும். மற்றவர்கள் ஜி.எஸ்.டி. எண்ணையும் உத்யம் எண்ணையும் போட்டுக்கொண்டால் நல்லது. மேலே பிள்ளையார் சுழியும் "லாபம்" என்பதும் போடுகிற பழைய கடைகள் தாராளமாகப் போடலாம், அழகாகவே இருக்கும்.

எல்லா வரியும் இடது ஓரத்தில் தொடங்குவதா, தேதியையும் கையெழுத்தையும் வலது பக்கம் தள்ளுவதா என்று கேட்பார்கள். ஆங்கிலக் கடிதத்துக்கு எல்லாம் இடது ஓரம்தான் இப்போது வழக்கம். அடிப்பது சுலபம், மெயிலில் ஒட்டினாலும் கலையாது. தமிழில் வலது பக்கம் தேதி போடுவது பழகிய கண்ணுக்கு நன்றாக இருக்கும். எது என்றாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். தேதியை 4.11.2025 என்று எழுதுவதைவிட மாதத்தைப் பெயராக எழுதினால் யாரும் மாற்றிப் படிக்க முடியாது. கையெழுத்து நீல மையில் இருந்தால் அசல் எது, ஜெராக்ஸ் எது என்று பார்த்ததும் தெரியும்.

## தமிழிலா, ஆங்கிலத்திலா

படித்து முடிவெடுப்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். முதலாளி நேரடியாகப் பார்க்கும் கடை, மண்டி, ஓட்டல் என்றால் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவர் அதை வக்கீல் கடிதமாகவே நினைப்பார், நாம் சொல்ல வந்த மரியாதையும் போய்ச் சேராது. தலைமையகம் வெளி மாநிலம் என்றால் ஆங்கிலம். தமிழ்நாட்டு அரசு அலுவலகத்துக்குத் தமிழே போதும். புதுச்சேரியிலும் தமிழ் ஆட்சிமொழி, தமிழ்க் கடிதத்தை யாரும் திருப்பி அனுப்ப முடியாது. இரண்டு மொழியிலும் ஒரே கடிதம் என்றால் தொகை, தேதி, பில் எண் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழில் 86,400, ஆங்கிலத்தில் 84,600 என்று இருந்துவிட்டால், பதில் போடாமல் இருக்க அதுவே அவர்களுக்குச் சாக்காகிவிடும்.

## எப்போது எது

பழகிய வாடிக்கையாளர், சிறிய தொகை, ஒரு மாதத் தாமதம்: வாட்ஸ்ஆப்பில் பில் எண்ணோடு மரியாதையாக ஒரு நினைவூட்டல், அப்புறம் ஒரு போன்.

45 நாள் தாண்டிவிட்டது, எதிரில் கம்பெனி: லெட்டர்பேடு கடிதத்தை மெயிலில் அக்கவுண்ட்ஸுக்கும் பர்ச்சேஸுக்கும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பியதை வாட்ஸ்ஆப்பில் சொல்லுங்கள். உத்யம் எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். குறு, சிறு நிறுவனங்களின் பாக்கியை உரிய நாளுக்குள் தராவிட்டால், பணம் கொடுக்கும் ஆண்டு வரை வாங்கியவரால் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. அந்தக் கணக்கு அவர்கள் ஆடிட்டருக்கு நன்றாகவே தெரியும்.

பெரிய தொகை, நல்ல உறவு, ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கிறது: பாக்கி உறுதிக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பணம் வராவிட்டாலும் கையெழுத்தோடு திரும்புங்கள்.

கெடு தாண்டியும் பதில் இல்லை, தகராறு கிளம்பும் வாசனை அடிக்கிறது: பதிவுடன் ஸ்பீடு போஸ்ட், அதே நாளில் மெயில். இதற்கும் பதில் இல்லையென்றால் இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்.எஸ்.எம்.இ. வசதிக் குழுவில் மனு போடுவதா, வக்கீல் நோட்டீஸா என்று முடிவு செய்யலாம். அந்த நேரத்தில் இதுவரை அனுப்பிய எல்லாக் கடிதமும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வேண்டும். ரசீது, டிராக்கிங் பக்கத்தின் பிரின்ட், பதில் மெயில், கையெழுத்திட்ட சலான் எல்லாம் அந்தந்தக் கடிதத்தின் பின்னாலேயே குத்தி வையுங்கள். ரசீதிலும் டெலிவரி அத்தாட்சியிலும் உள்ள மை நாளாக ஆக வெளுத்துப்போகும், வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.